ஒவ்வொரு விமானத்துக்கும் கணக்குப் பார்த்த ஜே.ஆர்.டி. டாடா

இந்திய விமானப் போக்குவரத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜே.ஆர்.டி. டாடா, 1904 ஜூலை 29-ஆம் தேதி பாரீஸில் பிறந்தார். தந்தை பார்சி வணிகர். தாய் பிரெஞ்சுப் பெண்மணி. 1929 பிப்ரவரியில், இந்தியாவில் வழங்கப்பட்ட விமானி உரிமங்களில் முதலாவது அவருக்குக் கிடைத்தது.

அவர் விமான நிறுவனம் தொடங்கியபோது கையில் இருந்த முதலீடு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். ஒற்றை என்ஜின் கொண்ட 2 'புஸ் மோத்' விமானங்களே அதன் மொத்த பலம். எனவே அவை எங்கே, எப்போது பறக்க வேண்டும் என்பதே தொழிலின் உயிர்நாடியாக இருந்தது. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானத்தில் வரும் தபால்கள் கராச்சியில் வந்திறங்கின. அங்கிருந்து தெற்கு நோக்கிக் கொண்டுசெல்வதே டாடா நிறுவனம் கண்ட வாய்ப்பு. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. தாமே விமானத்தை ஓட்டி வந்தார். அதன் பின்னர் தபால் பைகளை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றவர் நெவில் வின்சென்ட்.

அரசின் மானியம் ஏதும் இல்லை. சுமந்த தபாலின் எடைக்கே கட்டணம். பம்பாயில் ஜுஹு கடற்கரையோரத் திடலே விமான நிலையம். மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கியதால் சேவை புணேவுக்கு மாறியது. இத்தனைக்கும் நடுவே 1933-இல் அந்நிறுவனத்தின் விமானங்கள் சுமார் 1.6 லட்சம் மைல் பறந்து, 155 பயணிகளையும் 10 டன்னுக்கும் அதிகமான தபால்களையும் ஏற்றிச் சென்றன. லாபம் 60 ஆயிரம் ரூபாய் என்று பதிவாகியுள்ளது. பயணிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், வருமானம் தந்தது தபாலே என்பது விளங்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற டகோட்டா விமானங்கள் மலிவு விலையில் கிடைத்தன. அவற்றை வாங்கியவர்கள் நாடெங்கும் நிறுவனங்களைத் தொடங்க, அரசும் தாராளமாக உரிமம் வழங்கியது. தரையில் நிற்கும் விமானத்துக்கும் காப்பீடு, பராமரிப்பு, விமானிகளின் ஊதியம் ஆகிய செலவுகள் உண்டு. பயணிகளின் எண்ணிக்கையோ அந்த வேகத்தில் பெருகவில்லை. இந்தப் பெருக்கம் அனைவரையும் நஷ்டத்தில் தள்ளும் என்று ஜே.ஆர்.டி. எதிர்த்தார். அவ்வாறே சில நிறுவனங்கள் விரைவில் மூடப்பட்டன. 1950-இல் அமைக்கப்பட்ட ராஜாத்யக்ஷா குழுவும் தேவைக்கு மிஞ்சிய நிறுவனங்கள் இயங்குவதைச் சுட்டிக்காட்டியது.

ஆனால் நாகபுரி விஷயத்தில் அவருடைய கணிப்பு முழுதாகப் பலிக்கவில்லை. 1949 ஜனவரியில் மத்திய அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் இரவுத் தபால் திட்டத்தைக் கொண்டுவந்தார். தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய 4 நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நாட்டின் நடுவிலுள்ள நாகபுரியில் சந்திக்கும். தபாலையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் தத்தம் நகரங்களுக்குத் திரும்பும். நகரத்துக்கு ஒரு விமானமே போதும், 4 நகரங்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். இன்று உலக விமான நிறுவனங்கள் பின்பற்றும் மைய நிலைய முறையின் எளிய வடிவமே இது. இரவில் தரையிறங்கும் வசதிகள் போதாது என்று ஜே.ஆர்.டி. இத்திட்டத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார். முதலில் சேவையை ஏற்ற நிறுவனம் நிலைக்கவில்லை. திட்டமோ நிலைத்து நின்று பல ஆண்டுகள் தொடர்ந்தது.

வெளிநாட்டுச் சேவையில் அவர் அளந்தே அடியெடுத்து வைத்தார். அரசின் 49 சதவீதப் பங்குடன் உருவான ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் விமானம், 'மலபார் பிரின்சஸ்' எனும் கான்ஸ்டலேஷன், 1948 ஜூன் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. தொடக்கத்தில் வாரம் ஒரு சேவை மட்டுமே.

1953-இல் விமானத் துறை நாட்டுடைமையாக்கப்பட்டது. உள்நாட்டு நிறுவனங்கள் 8-ம் இந்தியன் ஏர்லைன்ஸாக இணைந்தன. நாட்டுடைமையை விரும்பாத ஜே.ஆர்.டி., ஏர் இந்தியாவின் தலைவர் பொறுப்பை ஏற்று 25 ஆண்டுகள் வகித்தார். 1960-இல் போயிங் 707 வந்தது. அவ்வாண்டு மே மாதம் சேவை நியூயார்க்கை எட்டியது. 1962-இல் ஏர் இந்தியா முற்றிலும் ஜெட் விமானங்களையே இயக்கும் நிறுவனமானது. பழைய சூப்பர் கான்ஸ்டலேஷன்களில் சில விமானப்படைக்குச் சென்றன.

1978 ஜனவரி முதல் நாள் பம்பாய் கடலில் போயிங் 747 'எம்பரர் அசோகா' விழுந்து 213 பேர் உயிரிழந்தனர். அடுத்த மாதம் மொரார்ஜி தேசாய் அரசு ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கியது. அச்செய்தியை அவர் அரசிடமிருந்து அல்ல, தமக்கு அடுத்து வந்த பி.சி. லால் வாயிலாகவே அறிய நேர்ந்தது. 1980-இல் இந்திரா காந்தி அரசு அவரை இயக்குநர் குழுவில் மீண்டும் சேர்த்தது.

1982 அக்டோபர் 15-ஆம் தேதி, 78-ஆம் வயதில், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அவர் மறுபடியும் தனியே விமானம் ஓட்டி வந்தார். 1992-இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1993 நவம்பர் 29-ஆம் தேதி ஜெனீவாவில் காலமானார்.