மறதி நோயை ஆராய்ந்த அடிமையின் பேரன்

குழம்பில் உப்புப் போட்டோமா, இல்லையா என்று மறந்துபோவது எல்லோருக்கும் உண்டு. அது நோய் அல்ல. பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் போவது நோய். அதில் மிகுதியாக வருவதற்கு அல்ஜைமர் நோய் என்று பெயர். அல்ஜைமர் என்பவர் ஜெர்மனி நாட்டு டாக்டர்.

அவரிடம் வேலை பழகிய கறுப்பர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சாலமன் கார்ட்டர் புல்லர்.

விலை கொடுத்து வாங்கிய விடுதலை

புல்லரின் தாத்தா அமெரிக்காவில், வர்ஜீனியாவில் அடிமையாக இருந்தவர். அவர் உழைத்துக் காசு சேர்த்தார். அந்தக் காசைக் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் மீட்டுக்கொண்டார். 1852-ல் கப்பல் ஏறி ஆப்பிரிக்காவில் உள்ள லைபீரியாவுக்குப் போய்விட்டார். விடுதலை பெற்ற அடிமைகள் குடியேறிய நாடு அது.

அங்கே மன்ரோவியா நகரில் 1872-ம் ஆண்டு பேரன் பிறந்தான். தகப்பனாருக்குக் காப்பித் தோட்டம் இருந்தது. தாயார் சும்மா இருக்கவில்லை. தன் பிள்ளையோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள் அல்லவா? காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அப்படி வளர்ந்ததுதான். படிப்பு மறுக்கப்பட்டவர்கள் எந்த ஊரிலும் முதலில் கட்டியது பள்ளிக்கூடத்தைத்தான் போலும்!

17 வயதில், 1889-ல், புல்லர் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். 1897-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வெஸ்ட்பரோ என்ற ஊரில் மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இறந்துபோன நோயாளிகளின் மூளையைச் சோதிக்கும் வேலை அது.

மியூனிக் நகரில்

1904-ல் அவர் ஜெர்மனிக்குப் போனார். மியூனிக் நகரில் டாக்டர் அல்ஜைமர் தம் ஆராய்ச்சிக்கு வெளிநாட்டு டாக்டர்கள் ஐந்து பேரை எடுத்துக்கொண்டார். அவர்களில் புல்லரும் ஒருவர். மூளையை மெல்லிய சீவல்களாக நறுக்கிச் சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணும் கையும் பொறுமையும் வேண்டிய வேலை. அங்கே பழகிவிட்டு அமெரிக்கா திரும்பினார்.

1906-ல் அல்ஜைமர் ஒரு பெண்ணின் மூளையைப் பற்றிப் பேசினார். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வயது 51. கிழவி அல்ல. ஆனால் எல்லாம் மறந்துபோயிற்று. அவள் மூளையில் திட்டுத் திட்டாகப் படிவுகள் இருந்தன. நரம்பு இழைகள் நூல் சிக்கல்போல் முறுக்கிக் கிடந்தன.

உலகில் பல டாக்டர்கள் இதைக் கவனிக்கவில்லை. புல்லர் கவனித்தார். 1912-ல் தாம் கண்ட ஒரு நோயாளியின் விவரத்தோடு, அதுவரை வெளிவந்த எல்லா விவரங்களையும் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்தத் திட்டுகள்தான் நோய்க்கு மூல காரணமா என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. நூறாண்டு கழிந்தும் அந்தச் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை.

நிறமா காரணம்?

அமெரிக்காவில் இப்போது வெள்ளைக்கார முதியவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கறுப்பின முதியவர்களுக்கு இந்த மறதி நோய் வருகிறது. தோலின் நிறம் இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, வறுமை, சிறு வயதில் சரியான படிப்பு இல்லாமை ஆகியவை அவர்களிடம் அதிகம். 2024-ல் லான்செட் பத்திரிகையின் நிபுணர் குழு, தடுக்கக்கூடிய காரணங்கள் என்று 14-ஐச் சொன்னது. அதில் படிப்புக் குறைவும் ஒன்று.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கும், படித்தவரைவிடப் படிக்காதவருக்கும் அதிகம்.

சிவகாசி, சாத்தூர் பக்கம் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் விடியுமுன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து நிற்கும். பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுமிகள் அதில் ஏறிப்போய்க் கட்டை அடுக்கினார்கள். பெட்டி ஒட்டினார்கள். சிவகாசிப் பிள்ளைகளுக்காகச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 1996-ல். அதற்கு வெகுகாலம் முன்பே வேலைக்குப் போன சிறுமிகள் இப்போது பாட்டிகள்.

படிக்காதவரிடம் நோயைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. எழுதச் சொன்னால் எழுதமாட்டார். அது மறதியா, எழுத்து தெரியாததா? அரியானாவில் பல்லப்கர் என்ற ஊரில் ஆராய்ச்சி செய்தவர்கள் இதற்கு வழி கண்டார்கள். எழுதுவதற்குப் பதிலாக வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். கணக்குப் போடுவதற்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னார்கள்.

கடைசிக் காலம்

புல்லர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் பாடம் சொன்னார். வெள்ளைக்காரருக்குக் கொடுத்த சம்பளத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. நரம்பியல் பிரிவின் தலைவர் வேலையை ஐந்து ஆண்டு பார்த்தார். தலைவர் என்ற பெயர் மட்டும் இல்லை. 1933-ல் அவருக்கு இளையவரான வெள்ளைக்காரர் ஒருவரைத் தலைவர் ஆக்கினார்கள். புல்லர் வேலையை விட்டு விலகினார்.

பிரேமிங்ஹாம் என்ற ஊரில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. மனைவி மேட்டா சிலை வடிப்பவர். பாரிஸில் படித்துப் பெயர் வாங்கியவர். மூன்று ஆண் மக்கள். புல்லருக்குத் தோட்டம் போடுவதில் பிரியம். புத்தகம் பைண்டு செய்வதிலும் பிரியம். அச்சுத் தொழில் தெரிந்த சிவகாசிக்காரர்களுக்கு அந்தப் பிரியம் புரியும்.

அவருக்கும் சர்க்கரை வியாதி வந்தது. அது கண்ணைப் பறித்தது. வாழ்நாளெல்லாம் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்த கண்! பார்வை போன பிறகும் அவர் நோயாளிகளைக் கைவிடவில்லை. வந்தவர்கள் சொல்வதைக் காதால் கேட்டு வைத்தியம் சொன்னார்.

1953 ஜனவரி 16-ந் தேதி அவர் காலமானார். 1974-ல் பாஸ்டன் நகரில் ஒரு மனநல மருத்துவ நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.