எந்தப் பக்கம் மசினிசா?

யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்த ஹன்னிபலைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த ஹன்னிபலைக் கடைசியில் வீழ்த்தியவர் யார் என்று கேட்டால், ரோமானியத் தளபதி சிப்பியோ என்று பதில் வரும். அந்தப் போர்க்களத்தில் சிப்பியோவின் வலப்பக்கம் நின்ற குதிரைப்படைத் தலைவனின் பெயர் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. அவன் பெயர் மசினிசா. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அவன் ஹன்னிபலின் நாட்டுக்காக ரோமானியர்களைக் கொன்று குவித்தவன்.

கார்த்தேஜ் நகரம் இன்றைய துனிசியாவின் கடற்கரையில் இருந்தது. அதற்கு மேற்கே, இன்றைய அல்ஜீரியா வரை நீண்டு கிடந்தது நுமிடியா. அங்கே இரண்டு அரசுகள் ஒன்றையொன்று விழுங்கக் காத்திருந்தன. கிழக்கில் மசிலி மக்களின் அரசு. மேற்கில் மசேசிலி மக்களின் அரசு. அது அளவில் பெரியது. சேணமும் கடிவாளமும் இல்லாமல் குதிரை ஓட்டும் நுமிடிய வீரர்களுக்கு எந்தப் படையிலும் வரவேற்பு இருந்தது. கி.மு. 218இல் ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் இரண்டாவது பெரும்போர் மூண்டபோது இரு தரப்பும் அவர்களைத் தேடி வந்ததில் வியப்பில்லை.

மசிலி மன்னன் காயாவின் மகன் மசினிசா. கி.மு. 238 வாக்கில் பிறந்தவன், கார்த்தேஜில் வளர்ந்தவன். மேற்கு அரசின் மன்னன் சைபாக்ஸ் முதலில் ரோமின் நண்பனாக இருந்தான். அவனுடைய காலாட்படைக்குப் பயிற்சி தர ரோமானிய அதிகாரி ஒருவரே அங்கு தங்கியிருந்தார். பக்கத்து அரசன் ரோமோடு சேர்ந்தால் காயா வேறு எங்கே போவான்? கார்த்தேஜ் பக்கம் நின்றான். சைபாக்ஸை எதிர்க்க மகனை அனுப்பினான். அப்போது மசினிசாவுக்குப் பதினேழு வயது என்கிறார் வரலாற்றாசிரியர் லிவி. அந்தப் போரில் சைபாக்ஸ் தோற்று ஓடினான்.

அடுத்து ஸ்பெயின். அங்கே கார்த்தேஜ் படையோடு பல ஆண்டுகள் போரிட்டான் மசினிசா. கி.மு. 211இல் ரோமானியத் தளபதிகளான சிப்பியோ சகோதரர்கள் இருவரும் மாண்ட போரில், அவனுடைய குதிரைப்படை இரவும் பகலும் அவர்களைத் தொல்லைப்படுத்தியது. மாண்டவர்களில் ஒருவர், பின்னாளில் அவனுடைய நண்பராகப் போகும் சிப்பியோவின் தந்தை.

காற்று திசை மாறியது கி.மு. 206இல். இலிபா என்ற இடத்தில் கார்த்தேஜ் படை நொறுங்கியது. ஸ்பெயின் கைவிட்டுப் போனது. மசினிசா ரோமானியரோடு இரகசியமாகப் பேச்சைத் தொடங்கினான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, போரில் பிடிபட்ட அவனுடைய இளம் உறவினன் மசிவாவைச் சிப்பியோ பரிசுகளோடு திருப்பி அனுப்பியிருந்தார். அந்த நன்றிதான் காரணம் என்று லிவி எழுதுகிறார். நன்றியும் இருந்திருக்கலாம். தோற்கும் பக்கம் எது என்ற கணக்கும் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிப்பியோவைச் சந்திக்க அவன் செய்த தந்திரம் சுவையானது. தீவில் அடைபட்டுக் குதிரைகள் வீணாகின்றன, எதிரி நிலத்தில் கொள்ளையிட்டு வருகிறேன் என்று கார்த்தேஜ் தளபதியிடமே அனுமதி வாங்கிக்கொண்டு போய்த்தான் அவன் எதிரியோடு கைகுலுக்கினான்.

இதற்கிடையே காயா இறந்துவிட, அரியணை உறவினர்கள் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. அதே வேளையில் சைபாக்ஸும் பக்கம் மாறினான். கார்த்தேஜ் தளபதி ஹஸ்ட்ருபலின் மகள் சோபோனிஸ்பாவை மணந்து, ரோமைக் கைவிட்டான். சில ஆண்டுகளுக்குள் இரண்டு நுமிடியர்களும் இடம் மாறி நின்றார்கள். கூட்டாளிகள் மாறினாலும் அவர்களுக்கிடையே இருந்த பகை மட்டும் மாறவில்லை. இருவருக்கும் ரோமும் கார்த்தேஜும் ஆயுதங்கள். சண்டை நுமிடியா யாருக்கு என்பதில்தான்.

நாடு திரும்பிய மசினிசா அரியணையை மீட்டான்; சைபாக்ஸ் அவனை விரட்டியடித்தான். மலைகளில் ஒளிந்து, காயத்தோடு ஆற்றில் குதித்து, குகையில் மூலிகை கட்டிக்கொண்டு கிடந்தான். அவன் செத்துவிட்டதாகச் சேதி பரவியது, கார்த்தேஜ் நிம்மதியடைந்தது. கி.மு. 204இல் சிப்பியோ ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியபோது, அவரைத் தேடி வந்த இந்த இளவரசனிடம் இருந்தவை சில நூறு குதிரைகள் மட்டுமே என்கிறது ஒரு குறிப்பு.

மறு ஆண்டே நிலைமை தலைகீழானது. போரில் குதிரை சரிந்து சைபாக்ஸ் பிடிபட்டான். அவனைச் சங்கிலியோடு சிர்ட்டா நகரத்தின் மதில் முன் கொண்டுபோய் நிறுத்தினான் மசினிசா, கதவுகள் திறந்தன. அரண்மனை வாசலில் சோபோனிஸ்பா காத்திருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்: தன்னை ரோமானியர் கையில் ஒப்படைக்கக் கூடாது. மசினிசா வாக்குக் கொடுத்தான். அதைக் காப்பாற்ற அன்றே அவளை மணந்தான்.

சிப்பியோ இதை ஏற்கவில்லை. சைபாக்ஸைத் திசைமாற்றியவள் இவனையும் மாற்றுவாள் என்ற அச்சம் அவருக்கு. அவள் ரோமின் கைதி, ஒப்படைக்க வேண்டும் என்றார். மசினிசா தன் கூடாரத்துக்குள் போய் நெடுநேரம் அழுதான். பிறகு நம்பிக்கையான பணியாள் ஒருவனிடம் நஞ்சுக் கிண்ணத்தைக் கொடுத்தனுப்பினான். வாழ வைக்கும் வாக்கைக் காப்பாற்ற வழியில்லை. ரோமானியர் கையில் சிக்கவிடாத வாக்கை இப்படித்தான் காப்பாற்ற முடியும் என்பது அதன் பொருள். அவள் தயங்காமல் அதைக் குடித்தாள். மறுநாள் படைகளின் முன்னிலையில் சிப்பியோ அவனை மன்னன் என்று அழைத்து, பொன் கிரீடமும் தந்தச் செங்கோலும் வழங்கினார். அவன் வாழ்நாளில் மாறிய பக்கங்களையெல்லாம்விட, இந்த இரண்டு நாள்களில் அவன் மாறாமல் நின்றதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. சைபாக்ஸ் இத்தாலியில் கைதியாகவே இறந்தான்.

கி.மு. 202, ஸாமா. ஹன்னிபலிடம் 80க்கும் மேற்பட்ட யானைகள் இருந்தன, குதிரைகள் குறைவு. மசினிசா 6,000 காலாட்களோடும் 4,000 குதிரைவீரர்களோடும் வந்தான் என்கிறார் பொலிபியஸ். அவன் எதிரியின் குதிரைப்படையைத் துரத்தியடித்துவிட்டுத் திரும்பிப் பின்புறமிருந்து தாக்கியபோது போர் முடிந்தது.

அடுத்து எழுதப்பட்ட உடன்படிக்கையில் கார்த்தேஜ் 50 ஆண்டுகளில் 10,000 டேலண்ட் வெள்ளி கட்ட வேண்டும் என்றிருந்தது. அதைவிடக் கொடியவை வேறு இரண்டு விதிகள். மசினிசாவுக்கோ அவன் முன்னோருக்கோ உரிய நிலத்தைக் கார்த்தேஜ் திருப்பித் தர வேண்டும். ரோமின் அனுமதியில்லாமல் கார்த்தேஜ் போர் தொடுக்கக் கூடாது. முன்னோருடைய நிலம் எதுவரை? எல்லை தெளிவாக இல்லை. அடுத்த 50 ஆண்டுகள் மசினிசா கொஞ்சம் கொஞ்சமாக வயல்களையும் ஊர்களையும் எடுத்துக்கொண்டே போனான். கார்த்தேஜ் ரோமிடம் முறையிடும். ரோமின் தூதர்கள் வந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் மசினிசாவுக்குச் சாதகமாகவே முடியும்.

அவனைக் கொள்ளைக்காரன் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. பயிர் விளையாது என்று கருதப்பட்ட நுமிடியாவை விளைநிலமாக்கியவன் என்று பொலிபியஸ் பாராட்டுகிறார். ரோமானியப் படைகளுக்கு அங்கிருந்து கோதுமை கப்பலேறியது. கிரேக்கத் தீவான தேலோஸில் அவனுக்குச் சிலை வைத்தார்கள்.

பொறுமையிழந்த கார்த்தேஜ் கி.மு. 150 வாக்கில் அனுமதி கேட்காமல் படை திரட்டியது. 88 வயது மசினிசா சேணமில்லாத குதிரையில் ஏறிப் படை நடத்தி வென்றான். உடன்படிக்கையைக் கார்த்தேஜ் மீறிவிட்டது என்ற காரணம் ரோமுக்குக் கிடைத்தது. கி.மு. 149இல் ரோமானியப் படை வந்து இறங்கியது. அவனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அரை நூற்றாண்டு அவன் அறுத்த மரம் அடுத்தவர் கையில் விழப்போகிறது என்று அவனுக்குப் புரிந்தது; மனம் கசந்து ஒதுங்கினான். அடுத்த ஆண்டே இறந்தான். கார்த்தேஜ் எரிந்தது கி.மு. 146இல்.

துனிசியாவின் துக்கா என்ற பழைய ஊரில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. மகன் மிசிப்சா ஆண்டபோது மசினிசாவுக்கு ஊர்மக்கள் கோயில் எழுப்பிய செய்தியை அது சொல்கிறது. கல்வெட்டு இரண்டு மொழிகளில் இருக்கிறது. ஒன்று நுமிடியர்களின் மொழி. மற்றொன்று இலத்தீன் என்று நினைத்தால் தவறு. அது பியூனிக், கார்த்தேஜின் மொழி.