வார்ம் ஸ்பிரிங்ஸ் குளத்தில் ரூஸ்வெல்ட்

அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் என்றதும் உங்களுக்கு இரண்டாம் உலகப் போர் நினைவுக்கு வரலாம். பிசியோதெரபி படிக்கும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு குளம்.

1921 ஆகஸ்ட் மாதம், கனடாவின் கேம்போபெல்லோ தீவில் விடுமுறையில் இருந்தபோது அவருக்குக் காய்ச்சல் கண்டது. சில நாள்களில் இரு கால்களும் செயலிழந்தன. போலியோ என்றனர் மருத்துவர்கள். அப்போது அவருக்கு வயது 39. முந்தைய ஆண்டுதான் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டிருந்தார். இனி அரசியல் இல்லை என்றே பலரும் நினைத்தனர்.

1924 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குச் சென்றார். அங்குள்ள ஊற்றுநீர் இயற்கையாகவே சுமார் 31 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். தரையில் இரும்புப் பட்டைகள் இல்லாமல் நிற்க முடியாத அவர், நெஞ்சளவு நீரில் கால் ஊன்றி நடந்தார்.

இது அற்புதமன்று, நீங்கள் இயற்பியல் வகுப்பில் படிக்கும் மிதப்பு விசைதான். நெஞ்சளவு நீரில் கால்கள் தாங்க வேண்டியது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. வெதுவெதுப்பான நீர் இறுகிய தசைகளைத் தளர்த்துகிறது. அசையும்போது நீர் தரும் எதிர்ப்பு, எடை தூக்காமலேயே தசைக்குப் பயிற்சியாகிறது. தடுமாறினாலும் அடிபடும் பயம் குறைவு. பக்கவாதம், மூட்டுவலி உள்ளவர்களுக்கு இன்றும் நீரில் பயிற்சி அளிக்கப்படுவது இதனால்தான்.

ரூஸ்வெல்ட்டைப் பற்றி நாளிதழில் படித்த போலியோ நோயாளிகள், அழைப்பில்லாமலே அங்கு வந்து சேர்ந்தனர். அவரே குளத்தில் இறங்கி அவர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். 1926இல் தம் சொத்தில் பெரும்பகுதியைச் செலவழித்து அந்த இடத்தையே வாங்கினார். மறு ஆண்டு அது மறுவாழ்வு அறக்கட்டளையானது. அதிபர் பதவியைவிட இந்தத் துணிச்சலே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் அவர் குணமாகவில்லை. போலியோவால் அழிந்த நரம்பணுக்களை நீரால் மீட்க முடியாது; எஞ்சிய தசைகளை வலுவாக்கவே முடியும். அந்த வலுவோடு, 1928 கட்சி மாநாட்டில் கால்களில் இரும்புப் பட்டை அணிந்து, ஒரு கையில் கைத்தடியும் மறு கையில் மகனின் தோள்துணையுமாக மேடையேறினார். அவ்வாண்டே நியூயார்க் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1932இல் அதிபர் தேர்தலில் வென்றார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இனப்பாகுபாடு நிலவிய அக்காலத்தில் கறுப்பின நோயாளிகளுக்கு வார்ம் ஸ்பிரிங்ஸில் இடமில்லை. அவர்களுக்கென டஸ்கீகியில் ஒரு போலியோ மையம் திறக்க 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதிபரான பிறகும் ரூஸ்வெல்ட் வார்ம் ஸ்பிரிங்ஸுக்குப் போய்க்கொண்டே இருந்தார். 1945 ஏப்ரல் 12ஆம் தேதி, அங்கிருந்த தம் சிறிய வீட்டில்தான் காலமானார்.