தராசை நம்பிய லவாய்சியர்

துரு என்றால் இரும்பு ஆக்சைடு, சுட்ட சுண்ணாம்பு என்றால் கால்சியம் ஆக்சைடு என்று நாம் எல்லாருமே மனப்பாடம் பண்ணியவர்கள்தான். இந்த ‘ஆக்சைடு’ என்ற பேர் எங்கேயிருந்து வந்தது என்று தேடப் போய், நான் அன்டோயின் லவாய்சியரிடம் வந்து நின்றேன்.

1743-இல் பாரிஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். படித்தது சட்டம், மனசு போனது விஞ்ஞானத்தில். 1768-இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினரானார். அதே வருஷம், அரசருக்காக வரி வசூலிக்கும் குத்தகைக் கம்பெனியில் பங்கும் வாங்கினார். சோதனைகளுக்குக் காசு கொடுத்தது அந்த வருமானம்தான். மனைவி மேரி ஆங்கில நூல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார், கருவிகளைப் படம் வரைந்தார்.

எரியும் பொருளிலிருந்து ‘புளோஜிஸ்டன்’ வெளியேறுகிறது என்று நம்பிய காலம் அது. அப்படியானால் உலோகத்தைச் சுட்டால் எடை குறையணுமே, ஏன் கூடுகிறது? புளோஜிஸ்டனுக்கு எடையே மைனஸ் என்றுகூடச் சிலர் சமாளித்தார்கள். லவாய்சியர் தராசை நம்பினார். மூடிய கலத்தில் பாதரசத்தை 12 நாள் சூடாக்கினார். உள்ளே இருந்த காற்றில் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. பாதரசத்தின் மேல் சிவப்புப் பொடி படிந்தது. அந்தப் பொடியை இன்னும் அதிகமாய்ச் சூடாக்கினால், போன வாயு திரும்பி வந்தது! பிரீஸ்ட்லி 1774-லேயே பிரித்தெடுத்த வாயுதான் அது. ஆனால் அது உலோகத்தோடு சேர்கிறது என்று விளக்கியவர் லவாய்சியர்.

அமிலங்களுக்கெல்லாம் இந்த வாயுவே மூலம் என்று எண்ணி, கிரேக்கத்தில் ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்று பொருள்படும்படி ‘ஆக்சிஜன்’ எனப் பெயரிட்டார். அதுவரை துத்தநாக ஆக்சைடுக்குப் பெயர் ‘துத்தநாகப் பூ’! பேரைக் கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. 1787-இல் மோர்வோ, பெர்த்தோலே, ஃபூர்க்ருவா ஆகிய மூவரோடு சேர்ந்து புதுப் பெயர் முறையை வெளியிட்டார். ஆக்சிஜனின் தலையையும், ‘அமிலம்’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் வாலையும் ஒட்டியதில் பிறந்ததுதான் ஆக்சைடு.

பிரெஞ்சுப் புரட்சியில் வரிக் குத்தகைக்காரர்கள்மேல் மக்களின் கோபம் திரும்பியது. 1794 மே 8-ஆம் தேதி, மாமனாரோடு லவாய்சியரும் கில்லட்டினில் வெட்டப்பட்டார். வயது 50.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்று 1810-இல் டேவி காட்டினார். ஆக, ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்ற அர்த்தம் தப்பு! ஆனால் உள்ளே இருப்பதைப் பேரே சொல்லணும் என்ற முறையும், தராசு காட்டிய எடையும் தப்பாகவில்லை.

லேபில் ரீடிங்கைச் சரிக்கட்டி எழுதக் கை துறுதுறுத்தால், இந்த மனிதரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் நாளைக்கு மாறலாம். உண்மையாய் எடுத்த ரீடிங் நிற்கும்.