மாரியன் டால்பட் அம்மையார்

கலாசாலையிற் பயில்வோர் பாடங் கேட்கும் நேரம் நாளொன்றிற்குச் சில மணிகளே. எஞ்சிய பொழுதெல்லாம் விடுதியிலும், உணவுச் சாலையிலும், தோழர் குழாத்திலும் கழிகின்றது. குணம் உருப்பெறுவது பெரும்பாலும் அப்பொழுதிலேயாம். அதனைச் செவ்விதின் அமைப்பதும் கல்வித் தொண்டேயெனக் கண்டு, அதற்கே தம் வாழ்நாளை ஈந்தவருள் ஒருவர், அமெரிக்க தேசத்துச் சிக்காகோ சர்வகலாசாலையில் 33 ஆண்டு பணிபுரிந்த மாரியன் டால்பட் அம்மையார். அவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

இவ்வம்மையார் 1858-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31-ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டுத் தூன் நகரிற் பிறந்தார். வளர்ந்தது பாஸ்டன் நகரில். தந்தையார் வைத்தியர். தாயார் எமிலி அம்மையார் பெண் கல்விக்காக ஓயாது உழைத்தவர். பெண்களைக் கலாசாலைக்கு ஆயத்தஞ் செய்யும் பொதுப் பள்ளி அந்நாளிற் பாஸ்டனில் இல்லாமையால், அத்தகையதொன்று 1878-இல் ஏற்படும்வரை அவர் போராடினார். மகளார் அப்பள்ளியின் பயனைப் பெறாமலே, தடைகளைக் கடந்து 1880-இற் பாஸ்டன் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றார். பின்னர் 1888-இல் மாஸச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் விஞ்ஞானப் பட்டமும் எய்தினார். பட்டம் பெற்ற பெண்டிர் துணையின்றித் தனித்து நிற்பதைத் தம் அநுபவத்தாலறிந்து, அவர்களை ஒன்றுகூட்டிய பட்டதாரிப் பெண்டிர் சங்கம் 1882-இல் நிறுவப்படுதற்கு அவரும் ஒரு காரணராயினார்.

1892-ஆம் ஆண்டு சிக்காகோவிற் புதிய சர்வகலாசாலை திறக்கப்பட்டபோது, அதன் தலைவர் ஹார்ப்பர், மாணவியர் நலம் பேணும் டீன் பதவிக்கு ஆலிஸ் ஃப்ரீமன் பாமர் அம்மையாரை அழைத்தார். அவர் ஆண்டிற் சில வாரங்களே அங்குத் தங்க இசைந்தமையால், டால்பட் அம்மையார் உடன் சென்று அன்றாட வேலையை ஏற்றார். மாணவியர்க்கென விடுதி ஒன்றேனும் முடிந்திலது. வாடகைக் கட்டடமொன்றிற் பல குறைகளுக்கிடையே அவர்களோடு தாமும் வாழத் தொடங்கினார்.

1893-இல் விடுதிகள் எழுந்தன. அவற்றை அவர் அமைத்த விதம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அங்கு வாழ்வோரைக் குற்றவாளிகள்போற் காவல் செய்யும் நீண்ட சட்டத் திட்டத்தை அவர் விரும்பவில்லை. ஒவ்வொரு விடுதியும் ஓர் இல்லமெனக் கருதப்பட்டது. அதற்கு ஒரு தலைவியும், ஆசிரியருள் ஓர் ஆலோசகரும், உறுப்பினர் தாமே தேர்ந்தெடுத்த செயற்குழுவும் இருந்தன. ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு மாணவியர்பாலே விடப்பட்டது. வெளியில் வாழ்ந்து நாடோறும் வந்து செல்வோரையும் அவர் மறந்தாரல்லர். அவர்கள் உண்ணவும் இளைப்பாறவும் ஒன்றுகூடவும் 1901-இல் மாணவியர் சங்கம் தோன்றிற்று. 1903-இல், அயல் மாகாணக் கலாசாலைகளில் இத்தகைய பணி புரிந்த டீன்களையும் வரவழைத்து மாநாடு கூட்டினார். தனித்தனியே உழைத்தோர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வழி பிறந்தது.

எனினும் அவர் வாழ்வில் தோல்விகளும் இல்லாமலில்லை. மாணவியர் தொகை பத்தாண்டில் நூற்றுக்கு 24-இலிருந்து 52 ஆக உயரவே, ஆடவர் சிலர் அஞ்சினர். முதலிரண்டு வகுப்புகளில் இருபாலாரையும் பிரித்துப் போதிக்க வேண்டுமென்று 1902-இல் தீர்மானமாயிற்று. அம்மையார் அதனை வன்மையாக எதிர்த்தும் பயன்படவில்லை. ஆயினும் அவ்வேற்பாடு நாளடைவில் தானே தளர்ந்தது.

அதனினும் கொடிய சோதனை 1907-இல் வந்தது. ஜார்ஜியானா சிம்ப்சன் என்னும் நீக்ரோ மாணவி விடுதியில் இடம் பெற்றார். வெள்ளை மாணவியர் சிலர் அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ மறுத்தனர். டால்பட் அம்மையாரும் அவருக்குத் துணையாயிருந்த ஸொபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ் அம்மையாரும், சிம்ப்சன் தங்குவதே முறையென நின்றனர். மறுத்தோருட் சிலர் வெளியேறினர். ஆனால் அப்போது சர்வகலாசாலைத் தலைவராயிருந்த ஜட்சன் அம்முடிவை மாற்றி, சிம்ப்சனை வெளியே வாழுமாறு பணித்தார். அம்மாணவியோ மனந்தளராது பயின்று 1911-இற் பட்டமும், 1921-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். 2017-இல் அச்சர்வகலாசாலையே தன் வளாகத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை நாட்டிற்று. அன்று அடைக்கப்பட்ட வாயில் எவ்வளவு தவறாக அடைக்கப்பட்டதென்பதற்கு அச்சிலை சாட்சி பகர்கின்றது.

ஓய்வு பெறுதற்கு முன், 1924-இல், வேறிரு பேராசிரியைகளுடன் சேர்ந்து, பெண்டிர்க்கு உபகாரச் சம்பளமும் ஆசிரியப் பதவியும் நேர்மையாக வழங்கப்படவேண்டுமென்று அதிகாரிகளுக்கு விண்ணப்பித்தார். 1925-இற் பதவி நீங்கியபின் துருக்கி தேசத்துக் கான்ஸ்டாண்டிநோபில் மகளிர் கலாசாலையிலும் இருமுறை தற்காலிகத் தலைமை வகித்தார். 1948-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ஆம் நாள், தமது 90-ஆம் வயதிற் சிக்காகோவிலேயே உயிர் நீத்தார்.

இச்சரித்திரத்தால் நாம் அறியத்தக்கது யாது? விடுதிக்கு விதிகள் வகுத்தல் எளிது. மாணாக்கரை நம்பிப் பொறுப்பை ஒப்புவித்தல் அரிது. பலரும் வேண்டாவென்று ஒதுக்கும் ஒருவர் வாயிலில் வந்து நிற்கும்போது, அவர் பக்கம் நிற்றல் அதனினும் அரிது. ஒரு விடுதியின் பெருமை அதன் கட்டடத்தால் அளக்கப்படுவதன்று. அவ்வேளையில் அது யாருக்கு இடந்தருகின்றது என்பதனாலேயே அளக்கப்படும். நம் கலாசாலையின் விடுதிகளிலும் சங்கங்களிலும் பொறுப்பேற்கும் மாணவ மாணவியரும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியரும் இவ்வளவுகோலை மறவாதிருப்பாராக.