பனிக்களத்தின் ஆசான்

ஆட்டக்களத்தில் வெற்றி பெற்றவரை உலகம் உடனே அறிந்துகொள்கின்றது. அவரை உருவாக்கிய ஆசான் பெரும்பாலும் களத்திற்கு வெளியே, பலர் கண்ணிலும் படாமல் நின்றுவிடுகின்றார். ஆயினும், தம் மாணவர்களின் திறமையாலேயே உலகப் புகழ் எய்திய ஆசிரியர் சிலர் உண்டு. அவர்களுள் ஒருவர் உருசிய நாட்டைச் சேர்ந்த அனதோலி தராசோவ் ஆவார். பனிக்கட்டியின்மீது ஆடப்படும் ஹாக்கி ஆட்டத்தைத் தம் நாட்டில் வேரூன்றச் செய்து, அதற்கெனத் தனியொரு பயிற்சி முறையையும் வகுத்த பெருமை அவருக்கு உண்டு.

புல்தரையில் ஆடும் ஹாக்கிக்கும் பனி ஹாக்கிக்கும் வேறுபாடு மிகுதி. ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய உறைபனித் தளமே பனி ஹாக்கியின் ஆடுகளம். ஒவ்வொரு பக்கத்திலும் கோல் காப்பாளர் உட்பட அறுவர் ஆடுவர். பந்துக்கு மாறாகக் கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் அடித்துச் செலுத்துவர். ஆடுவோர் அனைவரும் அடிப்புறத்தில் எஃகுத் தகடு பொருத்திய சறுக்குக் காலணிகளை அணிந்திருப்பர்.

இந்த ஆட்டத்திற்கு உயிர்நாடி சறுக்கும் திறனே ஆகும். காலணியின் எஃகுத் தகட்டுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரு கூரிய விளிம்புகள் உண்டு. முழங்காலை நன்கு மடக்கி, உடலைத் தாழ்த்தி, உள்விளிம்பால் பனியைப் பக்கவாட்டில் உந்தித் தள்ளினால் உடல் முன்னோக்கி விரையும். உந்திய காலை உடனே உடலின் கீழே கொணர்ந்து, மறுகாலால் உந்துதல் வேண்டும். வளைந்து திரும்புங்கால், உடலை உட்புறம் சாய்த்து, ஒரு காலின் குறுக்கே மறுகாலை எடுத்து வைத்தல் வேண்டும். நிமிர்ந்து நிற்பவனுக்கு விரைவும் இல்லை, உறுதியும் இல்லை. இவை யாவும் நினைவின்றியே நிகழும் அளவிற்குக் கால்கள் பழகிவிட வேண்டும். தன் கால்களையே எண்ணிக்கொண்டு சறுக்குபவனால் ஆட்டத்தை எண்ண இயலாது. ஆதலின், கால் விரைவு, கை விரைவு, மன விரைவு என்னும் மூன்றையும் தராசோவ் வற்புறுத்தினார். அவற்றுள் மன விரைவையே தலையாயதாகக் கொண்டார்.

தராசோவ் 1918ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் மாஸ்கோ நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவரையும் அவர்தம் இளவல் யூரியையும் அன்னையாரே அரும்பாடுபட்டு வளர்த்தார். அக்காலத்தில் உருசியச் சிறுவர்கள் குளிர்காலத்தில் விரும்பி ஆடியது பனிப்பந்தாட்டம் ஆகும். கால்பந்துக் களத்தை ஒத்த பரந்த பனிவெளியில், பக்கத்திற்குப் பதினொருவராக நின்று சிறு பந்தொன்றை மட்டையால் அடித்து ஆடுவது அது. அண்ணனும் தம்பியும் அவ்வாட்டத்தில் தேர்ச்சி பெற்றனர். பின்னர் அனதோலி மாஸ்கோவில் இருந்த உடற்கல்விக் கழகத்தைச் சார்ந்த பயிற்சியாளர் பள்ளியில் சேர்ந்து பயின்றார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டு டிசம்பரில், சோவியத்து நாட்டில் பனி ஹாக்கியின் முதல் தேசியப் போட்டி தொடங்கிற்று. கனடா நாட்டில் வளர்ந்த அவ்வாட்டம் அங்குப் புதியது. பனிப்பந்தாட்டக்காரர்களே மட்டையை மாற்றிக்கொண்டு புதிய களத்தில் இறங்கினர். வான்படைக் குழுவின் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் விளங்கிய தராசோவ், அம்முதற் போட்டியில் ஏனையோரைவிட மிகுதியான கோல்களை அடித்தார். மறு ஆண்டே மாஸ்கோ மத்திய இராணுவக் குழு அவரைத் தன்பால் அழைத்துக்கொண்டது. பாப்ரோவ், பாபிச் என்னும் சிறந்த ஆட்டக்காரர் இருவருடன் சேர்ந்து ஆடிக்கொண்டே அவர் அக்குழுவைப் பயிற்றுவித்தார். 1948, 1949, 1950 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இராணுவக் குழுவே நாட்டின் முதன்மைக் குழுவாயிற்று.

இவ்வாறு புகழ் வளர்ந்துவரும் நாளில் பெருந்துயர் ஒன்று அவரைத் தாக்கிற்று. 1950ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், வான்படைக் குழுவினரை ஏற்றிச்சென்ற விமானம் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகருக்கு அருகில் வீழ்ந்து நொறுங்கியது. மாண்ட ஆட்டக்காரர் பதினொருவருள் தம்பி யூரியும் ஒருவர். உடன் பிறந்தவனையும் உடன் ஆடிய நண்பர்களையும் ஒருங்கே இழந்த தராசோவ், அத்துயரைச் சுமந்துகொண்டே தம் பணியைத் தொடர்ந்தார்.

அப்பணியில் அவர்முன் ஒரு பெரிய வினா நின்றது. கனடியர் இவ்வாட்டத்தில் பல்லாண்டுப் பயிற்சி உடையவர். அவர்கள் முறையை அப்படியே பின்பற்றுவதா, தமக்கென ஒரு முறையைக் காண்பதா என்பதே அவ்வினா. பின்பற்றுவோர் முன்செல்பவரின் அடிச்சுவட்டிலேயே என்றும் நடக்க நேரும். அவரை முந்துதல் அரிது. இதனை உணர்ந்த தராசோவ், கனடியரிடம் கற்க வேண்டியதைக் கற்றார்; ஆயினும், தம் மக்களின் இயல்புக்கு ஏற்ற வழியைத் தாமே வகுக்கத் துணிந்தார்.

அவ்வழிக்கு இடையூறாக நின்றது பனித்தளப் பஞ்சம். ஆண்டு முழுவதும் பனியை உறைய வைக்கும் அரங்குகள் அன்று சோவியத்து நாட்டில் மிக அரிது. குளிர்காலம் கழிந்தால் பனி உருகும், பயிற்சியும் நின்றுவிடும். தராசோவோ பனியில்லாத திங்கள்களையும் வீணாக்கவில்லை. வீரர்களை வெறுந்தரைக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் பளு தூக்கினர், நெடுந்தொலைவு ஓடினர், தடைகளைத் தாண்டிக் குதித்தனர், தோழனைத் தோளில் சுமந்து நடந்தனர், கையில் இரும்புத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு குட்டிக்கரணம் அடித்தனர், கால்பந்தும் ஆடினர். தொடையும் இடுப்பும் வலுப்பெற்றால், பனியில் தாழ்ந்து நின்று உந்துவது எளிதாகும். உருண்டு எழப் பழகிய உடல், மோதி வீழ்ந்தாலும் நொடியில் எழுந்துவிடும். இவ்வாறு, இல்லாமையே அவருக்குப் புதியதொரு பள்ளிக்கூடமாயிற்று. ஆண்டு முழுதும் தரையிலும் பனியிலும் மாறி மாறிப் பயிலும் அம்முறை பிற்காலத்தில் பிறநாடுகளிலும் பரவியது.

உடலுக்கு அளித்த பயிற்சியை அவர் உள்ளத்திற்கும் அளித்தார். பாலே நடனத்தில் உடலின் சமநிலையையும், சதுரங்கத்தில் முன்னறிந்து காய் நகர்த்தும் கூர்மையையும் கண்டு, அவற்றை ஆட்டக்களத்திற்குக் கொணர்ந்தார். கனடியர் பலர் வட்டை எதிரியின் எல்லைக்குள் அடித்துவிட்டு, அதனைத் துரத்திச்சென்று மோதிக் கைப்பற்றுவது வழக்கம். தராசோவோ கையில் உள்ள வட்டை விட்டுக்கொடுக்கலாகாது என்று கற்பித்தார். எத்துணை விரைவாகச் சறுக்குபவனும் அடித்த வட்டின் விரைவுக்கு ஈடாகான். ஆகவே, வட்டைத் தோழனுக்கு வழங்குவதே விரைந்து முன்னேறும் வழி. வட்டு வைத்திருப்பவன் ஒருவனே. ஏனைய நால்வரும் வெற்றிடம் நாடி ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். தனக்கென ஆடாமல் குழுவுக்கென ஆடும் மனப்பான்மையை அவர் இங்ஙனம் வளர்த்தார்.

எனினும், வெற்றி உடனே வந்து சேரவில்லை. 1954ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் சோவியத்துக் குழு கனடியக் குழுவை வென்று முதன்முறையாக உலகப் பட்டம் பெற்றபோது, அதன் பயிற்சியாளராக விளங்கியவர் அர்காதி செர்னிஷோவ் என்பவர். பின்னர்த் தராசோவ் தலைமைப் பொறுப்பேற்றார். அக்காலத்தில், 1958, 1959 ஆகிய ஆண்டுகளின் உலகப் போட்டிகளில் சோவியத்துக் குழு இரண்டாம் இடத்தையே பெற்றது. 1960ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டியில் மூன்றாம் இடத்திற்கு இறங்கியது. பொறுப்பு மீண்டும் செர்னிஷோவிடம் சென்றது. தலைமையை இழந்தவர் மனம் கசந்து ஒதுங்குதல் உலக இயல்பு. தராசோவோ 1963ஆம் ஆண்டு முதல் செர்னிஷோவுக்குத் துணைவராக, இரண்டாம் இடத்தில் நின்று பணியாற்றினார். செர்னிஷோவ் அமைதியே உருவானவர். தராசோவ் நெருப்பை ஒத்தவர். இருவர் இயல்பும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது உலகப் பட்டங்களும், 1964, 1968, 1972 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களும் சோவியத்துக் குழுவுக்குக் கிடைத்தன.

தனித்தனி ஆட்டக்காரரின் தன்மை அறிந்து பயிற்றுவதில் தராசோவ் வல்லவர். விளாதிஸ்லாவ் திரெத்தியாக் என்னும் இளைஞரைக் கோல் காப்பாளராகத் தேர்ந்த அவர், எங்குச் சென்றாலும் சிறு டென்னிஸ் பந்தொன்றைக் கையில் வைத்து எறிந்து பிடித்துக்கொண்டே இருக்குமாறு பணித்தார். கண்ணும் கையும் ஒருங்கே இயங்கப் பழகிய திரெத்தியாக், தம் பத்தொன்பதாம் வயதிலேயே ஒலிம்பிக் தங்கம் பெற்றார். வலேரி கர்லாமோவ் என்பவரின் சிற்றுருவத்தைக் கண்டு தராசோவ் முதலில் ஐயுற்றார். அவரைத் தொலைவிலுள்ள செபர்குல் நகரின் சிறிய குழுவுக்கு அனுப்பினார். அங்குக் கர்லாமோவ் கோல் மழை பொழிந்த செய்தி வந்ததும், தம் ஐயத்தைக் கைவிட்டு, அவரைத் திரும்ப அழைத்து முன்வரிசையில் நிறுத்தினார். மின்னலெனத் திசைமாறிச் சறுக்கும் கர்லாமோவ் பின்னாளில் உலகப் பெரும் ஆட்டக்காரருள் ஒருவராக மதிக்கப்பெற்றார்.

குணம் மிகுந்த தராசோவிடம் குறையும் இல்லாமல் இல்லை. அவர் கண்டிப்பு சில வேளைகளில் கடுமையாக மாறிற்று. சினம் அவருக்கு எளிதில் அடங்காதது. 1969ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பார்த்தக் குழுவுடன் நிகழ்ந்த ஆட்டத்தில், தம் குழு அடித்த கோல் ஒன்றை நடுவர் ஏற்க மறுத்தார். உடனே தராசோவ் தம் வீரர்களைக் களத்திலிருந்து வெளியேற்றினார். நாட்டின் தலைவர் பிரெஷ்னேவ் பார்வையாளராக அமர்ந்திருக்க, ஆட்டம் நெடுநேரம் தடைப்பட்டது. தராசோவின் குழு அன்று தோற்றது; அவருக்கு அரசு வழங்கியிருந்த சிறப்புப் பயிற்சியாளர் பட்டமும் பறிக்கப்பட்டது. சில திங்களுக்குப் பின் பட்டம் திரும்பக் கிடைத்தது எனினும், ஒரு கணச் சினம் பல்லாண்டு உழைப்புக்கு மாசு சேர்க்கும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாயிற்று.

கனடாவின் தொழில்முறை ஆட்டக்காரரைத் தம் மாணவர்கள் எதிர்த்து நிற்க வேண்டும் என்பது தராசோவின் நெடுநாள் வேட்கை. ஆனால், 1972ஆம் ஆண்டு பிப்ரவரியில் சப்போரோ ஒலிம்பிக் போட்டி முடிந்ததும் அவரும் செர்னிஷோவும் தேசியக் குழுவை விட்டு நீங்கினர். பழைய தோழரான பாப்ரோவ் அப்பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் அப்போட்டி வந்தது. சோவியத்து வீரர்கள் எளிதில் தோற்பர் என்று எதிர்பார்த்திருந்த கனடியர் வியக்குமாறு, மாண்ட்ரியல் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் அவர்கள் 7-3 என்னும் கணக்கில் வென்றனர். எட்டு ஆட்டங்களின் முடிவில் கனடா நான்கிலும், சோவியத்து நாடு மூன்றிலும் வென்றன. ஒன்று சமநிலையில் முடிந்தது. தராசோவ் பயிற்றிய வீரர் பலர் களத்தில் இருந்தனர். அவர்களுக்கு அருகில் நிற்கும் பேறு மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

ஆயினும், அவர் பணி ஓயவில்லை. 1964ஆம் ஆண்டு தொடங்கிய 'பொன் வட்டு' என்னும் சிறுவர் போட்டிக்கு அவர் உறுதுணையாக விளங்கினார். தெருவிலும் குடியிருப்பு முற்றத்திலும் ஆடிய சிறுவர் எண்ணற்றோர் அப்போட்டியின் வாயிலாகப் பெரிய களங்களை அடைந்தனர். பயிற்சி பற்றி அவர் பல நூல்களும் எழுதினார். அவர் மகள் தத்தியானா தராசோவா, பனிச் சறுக்கு நடனத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்றோர் பலரை உருவாக்கிய ஆசிரியையாகத் திகழ்ந்தார்.

1974ஆம் ஆண்டில், கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ஹாக்கிப் புகழ் மன்றம் தராசோவின் பெயரைத் தன் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது. எந்நாட்டு ஆட்டத்தை வெல்ல அவர் முயன்றாரோ, அந்நாடே அவரைப் போற்றியது. அவர் 1995ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இயற்கை எய்தினார். அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவின் டெட்ராய்ட் குழு, முன்னர் மாஸ்கோ இராணுவக் குழுவில் ஆடிய உருசியர் ஐவரை ஒரே அணியாகக் களத்தில் நிறுத்தியது. வட்டை வழங்கி, வெற்றிடம் நாடி, ஐவரும் ஒருவரென ஆடிய அவர்கள் ஆட்டத்தைக் கண்டு மக்கள் வியந்தனர். 1997ஆம் ஆண்டில் அக்குழு, வட அமெரிக்காவின் தலைசிறந்த பரிசாகிய ஸ்டான்லி கோப்பையைக் கைப்பற்றியது.

பனி இல்லாத நாளிலும் பனி ஹாக்கியைக் கற்பித்தவர் தராசோவ். வாய்ப்பு வரும்வரை காத்திராமல், உள்ளதைக்கொண்டு உழைப்பைத் தொடங்குதல் வேண்டும். உடலோடு அறிவையும் பயிற்றுதல் வேண்டும். தன் புகழைவிடக் குழுவின் வெற்றியைப் பெரிதாகப் போற்றுதல் வேண்டும். அவர் வாழ்க்கை உணர்த்தும் பாடம் இதுவே ஆகும்.