கஜுலு லட்சுமிநரசு செட்டியார்

வரி பாக்கிக்காகக் குடியானவன் கையைக் கிட்டி என்னும் இரட்டைக் கட்டையில் வைத்து நெரித்த காலம் ஒன்று இருந்ததென்றால் இன்று நம் பிள்ளைகள் நம்பார். அண்ணாந்தாள் என்பது மற்றொரு கொடுமை. அவன் வேட்டியாலேயே கழுத்தையும் கால்விரலையும் பிணைத்துக் குனியவைத்து, வெயிலில் நிறுத்திவிடுவர். இவை ஊரறிந்த செய்தியாகவே இருந்தன. ஆயினும் எழுத்தில் ஏறவில்லை. அவற்றை எழுத்தில் ஏற்றுவித்த பெருமை செட்டியார் அவர்களுடையது.

இவர் 1806-இல் சென்னையில், அவுரி வாணிகம் செய்த செல்வக் குடியில் தோன்றினார். வாணிகத்தில் தாமும் பெரும்பொருள் ஈட்டியபின் பொதுப்பணியில் இறங்கினார். 1844-இல் 'கிரெஸெண்ட்' என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். அதன் விளம்பரத்தை அரசாங்க கெஜட்டில் இடவும் அதிகாரிகள் மறுத்தனர். 1852-இல் சென்னைச் சுதேச சங்கத்தை நிறுவி, அவ்வாண்டே குடிகளின் குறைகளைப் பார்லிமெண்டுக்கு விண்ணப்பித்தார்.

1816-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, வரி தண்டும் தாசில்தாரே போலீஸ் அதிகாரமும் உடையவர். பூவிருந்தவல்லிப் பக்கத்து உழவன் ஒருவன் அடிபட்டால், அடித்தவரிடமே சென்று முறையிட வேண்டும்! பின்னர் வழக்கு ஏது, சாட்சி ஏது? இதனைச் செட்டியார் நன்கு உணர்ந்திருந்தார். ஆதலின், 1853-இல் டான்பி ஸீமோர் என்னும் பார்லிமெண்டு உறுப்பினர் இங்கு வந்தபோது, அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்று குடிகளின் நிலையை நேரிற் காட்டினார். அடுத்த ஆண்டு அச்செய்தி லண்டனில் விவாதமாயிற்று. அதன் பயனாகச் சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் கொண்ட கமிஷன் அமர்ந்தது.

முறையீட்டுக்கு அளித்த தவணை மூன்று மாதமே. அதற்குள் 1,959 முறையீடுகள் வந்தன. கடிதத்தால் முறையிட்டோர் 1,440. நேரில் வந்தோர் 519. திரும்பிச் சென்றபின் அதே தாசில்தாரின் கீழ் வாழவேண்டியவர்கள் அவர்கள். அத்துணிவைச் சிறிதென்று யான் கருதேன்.

1855-இல் வெளியான அறிக்கை, வரி தண்டலிலும் போலீசிலும் சித்திரவதை உண்மையே என ஒப்புக்கொண்டது. பழியைச் சுதேசச் சிப்பந்திகள் மேலேயே பெரிதும் சுமத்தி, வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது. இத்தீர்ப்பு என் மனத்துக்கு ஒவ்வவில்லை; வசூல் குறையாமல் வரவேண்டுமென்று மேலிருந்து நெருக்கியவர் யார்? எனினும், போலீசை வருவாய்த் துறையினின்று பிரிக்க வேண்டும் என்றது மெய்யான நன்மை. 1859-ஆம் ஆண்டு 24-ஆவது சட்டம் அவ்வாறே பிரித்தது. காரல் மார்க்ஸ் 1857-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இவ்வறிக்கையை எடுத்தெழுதினார். நம் நாட்டார் மறந்துவிட்ட அவ்வறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கின்றது.

செட்டியார் 1863-இல் சென்னைச் சட்டசபையில் நியமனம் பெற்றார். ஈட்டிய பொருள் முழுதும் பத்திரிகைக்கும் சங்கத்துக்குமே செலவாயிற்று. 1868-இல் அவர் காலமானபோது வறியவராகவே இருந்தார்.